'பெஸ்ட்'டுக்குப் பின்னாடி ஒருத்தரா, பல பேரா?

குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்ல ஒரு படம் வந்துச்சு. மஞ்சள் பின்னணி, கொட்டை எழுத்து. 'ஆங்கில இலக்கண ரகசியம்: சூப்பர்லேட்டிவுக்கு அப்புறம் எப்பவும் ஒருமைதான்!' கீழ உதாரணத்துக்கு 'தி டாலஸ்ட் பில்டிங்', 'தி லாங்கஸ்ட் ரிவர்'. அதுக்கும் கீழ வரிசையா கும்பிடு போட்ட கைகள்.

எனக்குக் கோவம் வந்துடுச்சு.

ஏன்னா அந்த ரெண்டு உதாரணமும் சரி. விதி மட்டும் தப்பு. சரியான உதாரணத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு வர்ற தப்பான விதிதான் ரொம்ப நாள் மனசுல தங்கிடும். பரிட்சைக்குப் படிக்கிற ஒரு பிள்ளை இதை நம்பி 'ஒன் ஆஃப் தி லாங்கஸ்ட் ரிவர்'னு எழுதிட்டு வந்தா மார்க் போறது யாருக்கு?

அதனால இன்னிக்கு இதைப் பத்தித்தான் பேசப்போறேன். காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க. கொஞ்சம் நீளமாப் போகும்.

முதல்ல கோலாலம்பூர் போயிட்டு வருவோம்.

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் தெரியும்ல? ஒவ்வொண்ணும் 88 மாடி, சுமார் 452 மீட்டர். 1998லேர்ந்து 2004 வரைக்கும் உலகத்துலயே உயரமான கட்டடம்ங்கிற பேரு அதுக்குத்தான் இருந்துச்சு. ரெண்டும் ஒரே உயரம். ஒண்ணு அண்ணன், இன்னொண்ணு தம்பின்னு பிரிக்க வழியில்லை.

அப்ப ஆங்கிலத்துல எப்படிச் சொல்லுவீங்க?

'தி பெட்ரோனாஸ் டவர்ஸ் வேர் தி டாலஸ்ட் பில்டிங்ஸ் இன் தி வேர்ல்ட்.'

பில்டிங்ஸ்! சூப்பர்லேட்டிவ் இருக்கு, அதுக்கு அடுத்தாப்புல பன்மையும் ஜம்முனு உக்காந்திருக்கு. மஞ்சள் படத்தோட விதி இங்கயே காலி.

2004ல 508 மீட்டர்ல தைபே 101 வந்துச்சு. அது ஒத்தைக் கட்டடம். உடனே 'தி டாலஸ்ட் பில்டிங்'னு ஒருமைக்கு மாறிடுச்சு. 2010ல 828 மீட்டர்ல புர்ஜ் கலீஃபா. அதுவும் ஒத்தை, அதுவும் ஒருமை. இதுல 'டாலஸ்ட்'ங்கிற சொல் எங்கயாவது மாறுச்சா? இல்லை. உச்சியில ரெண்டு பேர் நின்னப்ப பன்மை, ஒருத்தர் நின்னப்ப ஒருமை.

இதுதாங்க மொத்த விஷயமும். சூப்பர்லேட்டிவ்ங்கிறது அடைமொழி. எப்படிப்பட்டதுன்னு சொல்லும். எத்தனைன்னு சொல்றது அதோட வேலையே கிடையாது. எத்தனைங்கிறதை நீங்க எண்ணிப் பாத்துத்தான் பெயர்ச்சொல்லுல காட்டணும்.

எவரெஸ்ட்டையே எடுத்துக்கங்க. 2020ல நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவிச்ச உயரம் 8,848.86 மீட்டர். அதுக்குப் போட்டியே இல்லை, அதனால 'தி ஹையஸ்ட் மவுன்டன்'. ஆனா 8,000 மீட்டரைத் தாண்டின சிகரம் மொத்தம் 14 இருக்கு. அதையெல்லாம் சேத்துச் சொன்னா 'தி ஃபோர்ட்டீன் ஹையஸ்ட் மவுன்டன்ஸ்'. அதே 'ஹையஸ்ட்', அதே மலைதான். தலையெண்ணிக்கை மட்டும் வேற.

சரி, இப்ப நம்ம ஆளுங்க எல்லாரும் வழுக்கி விழுற இடத்துக்கு வருவோம்.

'ஒன் ஆஃப் தி பெஸ்ட்...'

அடுத்து என்ன? பிளேயரா, பிளேயர்ஸா?

பிளேயர்ஸ். எப்பவும் பிளேயர்ஸ்தான். இதுல பேச்சுக்கே இடமில்லை.

ஆனா தெருவுல நடந்தா 'ஒன் ஆஃப் தி பெஸ்ட் ஸ்கூல்', 'ஒன் ஆஃப் தி லீடிங் ஹாஸ்பிடல்'னு பேனருக்குப் பேனர் இருக்கு. டிவி பேட்டியில இருக்கு. வேலைக்கு அனுப்புற விண்ணப்பத்துல கூட இருக்கு.

என் அக்கா பொண்ணு பிளஸ் ஒன் படிக்கிறா. அவ கேட்ட கேள்வி இது: "சித்தி, 'ஒன்'னா ஒண்ணுதானே? ஒண்ணுன்னா ஒருமைதானே? அப்புறம் எதுக்கு எஸ்?"

நல்ல கேள்வி. இந்தக் கேள்வியைக் கேக்க விடாம சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் பண்ண வைக்கிறதாலதான் பிரச்சினையே வருது.

நானும் முதல்ல சூத்திரத்துலதான் ஆரம்பிச்சேன். 'ஒன் ஆஃப் தி' போடு, அப்புறம் சூப்பர்லேட்டிவ் போடு, அப்புறம் பன்மை போடு. கோடிட்ட இடம் நிரப்புறதுல பொண்ணு வெளுத்து வாங்குனா. ஆனா பேச ஆரம்பிச்சா அந்த எஸ் எங்கயோ கழண்டு விழுந்துடும். சூத்திரம் தாளைத் தாண்டி வரலை.

அடுத்து வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பாத்தோம். 'ஹி இஸ் ஒன் ஆஃப் தி பெஸ்ட் பிளேயர்ஸ்'ங்கிறதைப் புரட்டி, 'ஆஃப் தி பெஸ்ட் பிளேயர்ஸ், ஹி இஸ் ஒன்'னு சொல்லிப் பாருங்க. இப்ப 'பிளேயர்'னு ஒருமையில சொல்ல நாக்கே வராது. முதல்ல கூட்டம் வந்து நின்னுடுச்சுல்ல, அதுலேர்ந்துதானே ஒருத்தரைக் காட்டுறோம்?

கல்யாணப் பந்தி மாதிரிதான். "பந்தியில உக்காந்திருக்காங்களே, அவங்கள்ல ஒருத்தர் எங்க மாமா"ன்னு சொல்லணும்னா முதல்ல பந்தியில நாலு பேராவது உக்காந்திருக்கணும். ஒத்தை ஆளு சாப்பிடுற இடத்துல 'அவங்கள்ல ஒருத்தர்'னு யாரைக் காட்டுறது?

அவளுக்கு அது பட்டுனு பிடிபட்டுச்சு. "அப்ப 'ஒன்' அந்த ஆளைச் சொல்லுது, 'பிளேயர்ஸ்' அந்தப் பந்தியைச் சொல்லுது. அப்படித்தானே சித்தி?"

அப்படியேதான் கண்ணு!

அப்புறம் அவளே இன்னொண்ணு கண்டுபிடிச்சா. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "எங்க கிளாஸ்ல எல்லாரும் 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்'னு சொல்றாங்க. அதுல சூப்பர்லேட்டிவே இல்லையே?"ன்னா.

பாத்தீங்களா? குற்றவாளி சூப்பர்லேட்டிவே இல்லை. 'ஒன் ஆஃப்'க்குப் பின்னாடி வர்ற கூட்டத்தைக் கவனிக்காததுதான் சிக்கல். 'மை பெஸ்ட் ஃப்ரெண்ட்'னா ஒருத்தி. 'ஒன் ஆஃப் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்'னா அவளைச் சேத்து இன்னும் ரெண்டு மூணு பேர் இருக்காங்க. ரெண்டுமே சரி. உங்களுக்கு எத்தனை உயிர்த்தோழிங்கன்னு முடிவு பண்ணிட்டு வாயைத் திறக்கணும், அவ்வளவுதான்.

கூட்டத்துலேர்ந்து ஒருத்தரைத்தான் எடுக்கணும்னும் இல்லை. டென்னிஸ்ல வில்லியம்ஸ் சகோதரிங்க வீனஸ், செரீனா ரெண்டு பேரையும் சேத்துச் சொன்னா 'டூ ஆஃப் தி கிரேட்டஸ்ட் பிளேயர்ஸ்'. 'ஒன்' இடத்துல 'டூ' வந்துச்சு. பந்தி அப்படியேதான் இருக்கு.

ஏன் நமக்கு இந்த எஸ் இவ்வளவு சுலபமா நழுவுது? நான் ரொம்ப யோசிச்ச கேள்வி இது. எனக்கு ரெண்டு காரணம் தெரியுது.

ஒண்ணு, நம்ம தமிழ் பழக்கம். நாம 'நாலு புத்தகம் வாங்கினேன்', 'பத்து மாடு நிக்குது'ன்னு சொல்றோம். 'நாலு புத்தகங்கள்'னு கடையில யாரும் கேக்கிறதில்லை. அஃறிணைக்குக் 'கள்' போடுறது நம்ம இஷ்டம், போட்டாலும் சரி, போடாட்டியும் சரி. தொல்காப்பியத்துலயே இதுக்கு இடம் இருக்கு. பள்ளிக்கூடத்துல பால்பகா அஃறிணைப் பெயர்னு படிச்சோமே, ஞாபகம் இருக்கா? 'மரம் வளர்ந்தது', 'மரம் வளர்ந்தன' ரெண்டும் செல்லும். மரம் ஒண்ணா பலதாங்கிறதை வினைச்சொல் காட்டிக்கொடுக்கும். அதனாலதான் 'நல்ல படத்துல இது ஒண்ணு'ன்னு பேச்சுல தாராளமாச் சொல்றோம், காதுக்கு உறுத்தவே இல்லை. ஆனா ஆளுங்கன்னு வந்தா 'நல்ல நடிகர்கள்ல இவர் ஒருத்தர்'தான். அங்க 'கள்' தானா வந்துடுது.

அது நம்ம மொழியோட அழகு, அங்க அது சரி. ஆங்கிலம் கறாரான ஆளு. எண்ண முடிஞ்ச பொருள் ஒண்ணுக்கு மேல இருந்தா, மனுஷனோ மரமோ மலையோ, அடையாளம் காட்டியே ஆகணும்னு நிக்கும்.

ரெண்டாவது காரணம், சொற்களோட வரிசை. தமிழ்ல 'சிறந்த வீரர்கள்ல இவர் ஒருத்தர்'னு கூட்டம் முதல்ல வரும், ஆளு பின்னாடி வருவார். ஆங்கிலத்துல 'ஒன்' முதல்ல வந்துடும். அப்புறம் அடைமொழியா அடுக்கிக்கிட்டே போவோம். 'ஒன் ஆஃப் தி மோஸ்ட் எலிகன்ட் லெஃப்ட் ஹேண்டட் ஓப்பனிங்...' பெயர்ச்சொல் வந்து சேர்றதுக்குள்ள கூட்டம் மறந்துபோயி 'ஒன்' மட்டும் மனசுல நிக்கும். வாய் 'பேட்ஸ்மேன்'னு சொல்லிடும். 'பேட்ஸ்மென்' போயே போச்சு. அடைமொழி நீள நீள பன்மை நழுவுற ஆபத்தும் கூடும். நீளமா எழுதுறப்ப கூடுதலாக் கவனிங்க.

கிரிக்கெட்னு வாய் தவறி வந்துடுச்சு. இனிமே விட மாட்டேன். (கிரிக்கெட் பிடிக்காதவங்க நாலு பத்தி தாண்டி வாங்க, கோவிச்சுக்க மாட்டேன்.)

ஒருமை பன்மைக்கு கிரிக்கெட் சாதனைப் பட்டியலை விட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது.

2004ல ஆன்டிகுவாவுல பிரையன் லாரா இங்கிலாந்துக்கு எதிரா டெஸ்ட்ல ஆட்டமிழக்காம 400 அடிச்சார். அது 'தி ஹையஸ்ட் ஸ்கோர்'. ஒருமை. ரன் நானூறு இருந்தாலும் ஸ்கோர் ஒண்ணுதானே? அதுவே சச்சின் டெஸ்ட்ல எடுத்த 15,921ஐச் சொன்னா 'தி மோஸ்ட் ரன்ஸ்'. பன்மை. இங்க 'மோஸ்ட்' எண்ணிக்கையைச் சொல்லுது, அதனால எண்ணப்படுற பொருள் பன்மையில வந்தாகணும். முத்தையா முரளிதரன் 800 எடுத்தாரே, அது 'தி மோஸ்ட் விக்கெட்ஸ்'. சாதனை பண்ணினவர் ஒருத்தர்தான், ஆனா பெயர்ச்சொல் எண்ணுறது அவரை இல்லை, விக்கெட்டை.

இன்னும் அழகான ஒண்ணு. 1956ல ஓல்ட் டிராஃபோர்டுல ஜிம் லேக்கர் ஆஸ்திரேலியாவுக்கு எதிரா ஒரே டெஸ்ட் இன்னிங்ஸ்ல 53 ரன் கொடுத்து 10 விக்கெட் எடுத்தார். அதுக்குப் பேரு 'தி பெஸ்ட் பௌலிங் ஃபிகர்ஸ்'. ஒரு ஆளு, ஒரு இன்னிங்ஸ், ஆனாலும் ஃபிகர்ஸ்! ஏன்னா அதுல விக்கெட்டும் இருக்கு, ரன்னும் இருக்கு. அந்த அர்த்தத்துல அது பன்மையிலதான் புழங்குது.

அந்த 10 விக்கெட்டை அப்புறம் 1999ல டெல்லியில அனில் கும்ப்ளேயும், 2021ல மும்பையில அஜாஸ் படேலும் எடுத்தாங்க. அதனால கும்ப்ளே 'ஒன் ஆஃப் தி த்ரீ பௌலர்ஸ்'. சூப்பர்லேட்டிவ் வாடையே இல்லை, ஆனாலும் பன்மை. சொன்னேன்ல, எல்லாம் எண்ணிக்கைதான்.

சரி, எண்ண முடியாத பொருளுக்கு என்ன பண்றது?

'அட்வைஸ்', 'மியூசிக்', 'ஃபர்னிச்சர்', 'இன்ஃபர்மேஷன்'. இதெல்லாம் எஸ்ஸே வாங்காத ஜாதி. 'ஒன் ஆஃப் தி பெஸ்ட் அட்வைஸ்'னு எழுத முடியாது, 'அட்வைசஸ்'னும் எழுத முடியாது. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, 'ஒன் ஆஃப் தி பெஸ்ட் பீசஸ் ஆஃப் அட்வைஸ்'. எஸ்ஸை 'பீஸ்' தலையில கட்டியாச்சு. இன்னொண்ணு, 'சம் ஆஃப் தி பெஸ்ட் அட்வைஸ்'. எண்ணவே வேண்டாம், கொஞ்சம் அள்ளிக்கிட்டாப் போதும். எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும். வாயில இலகுவா வருது.

இதே கணக்குதான் குறைச்சலுக்கும். எண்ண முடிஞ்சா 'தி ஃபியூவஸ்ட் மிஸ்டேக்ஸ்', எண்ண முடியாட்டி 'தி லீஸ்ட் டைம்'.

'மோஸ்ட்' கிட்ட இன்னொரு குறும்பு இருக்கு. முன்னாடி 'தி' இருக்கான்னு பாக்கணும். 'மோஸ்ட் எக்ஸ்பென்சிவ் கார்ஸ் ஆர் ஃபாஸ்ட்'னா விலை அதிகமான கார்கள்ல பெரும்பாலானது வேகமாப் போகும்னு புரிஞ்சுப்பாங்க. 'தி மோஸ்ட் எக்ஸ்பென்சிவ் கார்ஸ் ஆர் ஃபாஸ்ட்'னா உச்சபட்ச விலையில இருக்கிற சில கார்கள். 'தி மோஸ்ட் எக்ஸ்பென்சிவ் கார் இஸ் ஃபாஸ்ட்'னா ஒரே ஒரு கார். ஒரு 'தி', ஒரு எஸ். இந்த ரெண்டையும் மாத்தி வச்சா மூணு வேற வேற சேதி. இவ்வளவு சின்னச் சொல்லுக்கு இவ்வளவு பலமான்னு எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமா இருக்கும்.

இன்னொரு குறுக்குவழியும் ஊருக்குள்ள உலாவுது. 'ஆஃப் வந்தா பன்மை, இன் வந்தா ஒருமை'ன்னு. பாதி நிஜம். 'தி டாலஸ்ட் ஆஃப் தி பாய்ஸ்', 'தி டாலஸ்ட் பாய் இன் தி கிளாஸ்' ரெண்டுலயும் அது வேலை செய்யும். ஆனா 'தி லாங்கஸ்ட் டே ஆஃப் தி இயர்'? வருஷம் ஒண்ணுதானே? அந்த 'ஆஃப்' கூட்டத்தைச் சொல்லலை, முழுசைச் சொல்லுது.

ரெண்டும் ஒரே வாக்கியத்துல வர்றது இதோ: 'ஒன் ஆஃப் தி ஹேப்பியஸ்ட் டேஸ் ஆஃப் மை லைஃப்'. முதல் 'ஆஃப்'க்குப் பின்னாடி டேஸ், பன்மை. சந்தோஷமான நாள் பல இருக்கு. ரெண்டாவது 'ஆஃப்'க்குப் பின்னாடி லைஃப், ஒருமை. வாழ்க்கை ஒண்ணுதான் இருக்கு. இந்த ஒரு வாக்கியத்தைப் புரிஞ்சுக்கிட்டா மொத்தப் பாடமும் முடிஞ்சுது. நான் வாத்தியாரா இருந்தா கரும்பலகையில இதை மட்டும் எழுதிப் போட்டுட்டு முழுப் பீரியடும் பேசுவேன்.

வினைச்சொல்லைப் பத்தியும் சொல்லணும். 'ஒன் ஆஃப் தி டாலஸ்ட் பில்டிங்ஸ் இஸ்...' இங்க 'இஸ்'தான். எழுவாய் 'ஒன்'. பக்கத்துல பில்டிங்ஸ் நிக்குதேன்னு 'ஆர்' போட்டுடாதீங்க. பெயர்ச்சொல் பன்மை, வினை ஒருமை. அந்த 'ஒன்'னுக்கு உரிய மரியாதை வினையில கிடைச்சுடுது.

ஆனா 'ஒன் ஆஃப் தி பெஸ்ட் புக்ஸ் தட் ஹேவ் பீன் ரிட்டன்' மாதிரி நடுவுல 'தட்' வந்தா? அந்த 'தட்' புக்ஸைத்தான் சொல்லுது, அதனால 'ஹேவ்'. ஃபவ்லர்னு ஒரு பெரியவர் 1926ல 'எ டிக்ஷனரி ஆஃப் மாடர்ன் இங்கிலீஷ் யூஸேஜ்'னு புத்தகம் போட்டார். இந்த மாதிரி இடத்துல 'ஹேஸ்' போடுறதைப் பிழைன்னே சொல்லிட்டார். 1989ல மெரியம்-வெப்ஸ்டர்காரங்க போட்ட யூஸேஜ் அகராதி பழைய எழுத்தையெல்லாம் புரட்டிப் பாத்துட்டு, ரெண்டு வழக்கமும் நல்ல எழுத்தாளர்கள் கிட்டயே ரொம்ப காலமா இருக்குன்னு காட்டிடுச்சு. என் கட்சி? பரிட்சையில 'ஹேவ்' எழுதுங்க. வேற யாராவது 'ஹேஸ்' எழுதினா சண்டைக்குப் போகாதீங்க. 'புக்ஸ்'ல எஸ் இருந்தாச் சரி. அதுல மட்டும் சமரசம் கிடையாது.

கடைசியா ஒரு முடிச்சு. 'ஒன் ஆஃப் தி பெஸ்ட், இஃப் நாட் தி பெஸ்ட்...' இதுக்கு அடுத்து பிளேயரா பிளேயர்ஸா? பாதிக்கு ஒருமை வேணும், பாதிக்குப் பன்மை வேணும். எதைப் போட்டாலும் ஒரு பக்கம் இடிக்கும். தப்பிக்க நல்ல வழி இருக்கு. பெயர்ச்சொல்லை முன்னாடி கொண்டுவந்து முடிச்சுடுங்க: 'ஒன் ஆஃப் தி பெஸ்ட் பிளேயர்ஸ், இஃப் நாட் தி பெஸ்ட்'. இடியாப்பச் சிக்கல் ஒரே இழுவையில நேராயிடும்.

இவ்வளவு சின்ன எஸ்ஸுக்கு ஏன் இத்தனை பேச்சுன்னு கேப்பீங்க. 'பேசுறது புரியுதுல்ல, போதாதா?'ன்னு கேக்கிறவங்களும் உண்டு. புரியும்தான். நட்பாப் பேசுற இடத்துல யாரையும் நிறுத்தித் திருத்தவும் கூடாது, அது பேசுறவங்க தைரியத்தைக் கெடுக்கும். ஆனா எழுத்துல, விண்ணப்பத்துல, பரிட்சைத் தாள்ல அந்த எஸ் வேணும்.

அதோட, அந்த எஸ்ஸுல ஒரு நேர்மை இருக்குன்னு நான் நம்புறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தை 'ஒன் ஆஃப் தி ஓல்டஸ்ட் மாடர்ன் யூனிவர்சிட்டீஸ் இன் இந்தியா'ன்னு சொல்றோம். அதே 1857ல கல்கத்தாவும் பம்பாயும் ஆரம்பிச்சுதே, அதுங்களுக்கும் சேத்துத்தான் அந்தப் பன்மை. கூட நிக்கிறவங்களை ஒத்துக்கிறது அது.

அதனால இனிமே ஆங்கிலத்துல ஏதாவது எழுதி முடிச்சதும் 'ஒன் ஆஃப்'னு தேடிப் பாருங்க. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி கூட்டம் இருக்கா, அதுக்கு எஸ் இருக்கா, வினை ஒருமையில இருக்கா? மூணையும் பாத்துட்டு இன்னொரு கேள்வியும் கேட்டுக்கங்க: இது நிஜமாவே பலதுல ஒண்ணா, இல்லை இதுதான் முதலா? இதுதான் முதல்னு உறுதியாத் தெரிஞ்சா 'ஒன் ஆஃப்'ஐத் தூக்கிட்டு தைரியமா 'தி பெஸ்ட்'னு ஒருமையில எழுதுங்க, ஆனா ஆதாரம் கையில இருக்கணும். ஆதாரம் இல்லைன்னா பன்மைக்கு வந்துடுங்க. அங்க எல்லாருக்கும் இடம் இருக்கு.